காரணம் தேர்ந்தெடுக்கவும்

ஒரு பெட்டிக்கு நூற்றிருபது ரூபாய்.
அம்மாப்பேட்டையைத் தாண்டி, வெண்ணாற்றங்கரை இறங்கி,
சாக்குப் பையில் ஏழு மீட்டர்,
இடுப்பில் டெஸ்டர், கையில் அலுவலகம் தந்த போன்.
அதன் திரையில் நான் ஒரு பச்சைப் புள்ளி.

குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. ஆற்றில் மணல்தான் தெரிகிறது.
மேட்டூரில் இத்தனை அடி, அத்தனை அடி என்று
டீக்கடையில் பேசுகிறார்கள்;
வயலில் பேசுவது மோட்டார்.

வைரக்கண்ணு கொட்டகை வாசலில் குறுக்கே நின்றார்.
"காசு கேக்க மாட்டோம், கணக்கு மட்டுந்தான்னு சொல்லுவ."
"ஆமாங்க."
"கணக்குப் பார்த்த எவன்யா சும்மா போயிருக்கான்?
பந்தியில எலைய எண்ணுறவன்
சோத்தக் கொறைக்கத்தான் எண்ணுவான்."

எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு,
பயிற்சி நாளில் பொட்டலச் சாப்பாட்டோடு தந்தது.
சொன்னேன். வரப்பில் ஓடும் நண்டைப் பார்ப்பதுபோல்
அதைப் பார்த்தார்.

பிறகு குரல் தணிந்தது.
"இந்தப் பெட்டி எம்மவன் போன்லயும் தெரியுமாமே.
சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில இருக்கான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் போட்டா
ஏம்ப்பா தூங்கலையாம்பான்.
தூக்கம் வராத மனுஷனுக்குத்
தண்ணி பாயற சத்தம் வேணும்யா.
அதுக்குமா ஒரு சாட்சி?"

அடுத்த வயல் ஜெபமாலை அதற்குள் வந்துவிட்டாள்.
"அவருக்குத் தூக்கம் வரல, என் போருக்குத் தண்ணி வரல.
போன வருஷம் அறுபதடி. இப்ப நூத்திப்பத்து.
நகைய வச்சு எறக்கினேன், நாலு மாவுக்கு.
யாரு எவ்வளவு உறிஞ்சுறாங்கன்னு வாயால கேட்டா
பொம்பளைக்கு என்ன பேச்சும்பாங்க.
நம்பர் கேக்கட்டும்.
நம்பருக்கு ஆம்பள பொம்பள கெடையாது."

"நாளைக்கு யூனிட்டுக்கு இவ்வளவுன்னா நீயுந்தானே கட்டணும்?"
"நீங்க பத்து கட்டுறப்ப நான் ஒண்ணு கட்டுறேன்."
"அந்த ஒண்ணும் இல்லாதப்போ?"
அவள் பதில் சொல்லவில்லை.
சும்மாட்டை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள்.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.
"என்ன, ஒரே எடத்துல நாப்பது நிமிஷமா நிக்கிற?"
"பேசிட்டிருக்கோம் சார்."
"எதுக்குப் பேசுற? மாட்டிட்டுப் போ."
வைரக்கண்ணு என்னைப் பார்த்தார். ஜெபமாலையும்.
அந்த ஒரு நிமிடம் மூவரும் ஒரே கட்சி.
போனைப் பாக்கெட்டில் போட்டேன்;
பாக்கெட்டுக்குள்ளும் புள்ளி பச்சையாகத்தான் இருக்கும்.

ஜெபமாலையின் கொட்டகையில் மாட்டினேன்.
ஐந்து சைபர். மோட்டார் இருமி, காற்றைத் துப்பி,
பிறகு கட்டைவிரல் பருமனில் தண்ணீர்.
அவள் குழாயைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தாள்,
கடைசி சைபர் ஒன்றாகும்வரை.
"அவருக்கு?"
"மறுத்துட்டாருன்னு எழுதணும்."

எழுத இடமில்லை.
திரையில் நான்கே காரணங்கள்:
கதவு பூட்டியிருந்தது.
ஆள் இல்லை.
மழை.
நாய்.

மறுப்பவர் என்று ஒருவர் இருப்பார் என
இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை;
அல்லது தோன்றியிருக்கிறது.

கொட்டகைக்குக் கதவே கிடையாது. ஆள் முன்னால் நிற்கிறார்.
மழை இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.
நாயைத் தொட்டேன்.

வைரக்கண்ணு எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்து,
ரொம்ப நேரம் சிரித்தார்.
"கொரைக்கட்டுமாய்யா?"
ஜெபமாலை சிரிக்கவில்லை.
"அவருத எண்ணாம எனத மட்டும் எண்ணி
நான் என்ன பண்ண?"
என்னிடம்தான் கேட்டாள்.

பையில் ஆறு மீட்டர் மிச்சம்.
வரப்பேறி நடக்கையில் செய்தி வந்தது:
நாய் உள்ள இடத்துக்கு
நாளை இரண்டு ஆட்களாகச் செல்லவும்.